உயிருள்ள சதையைத் தின்னும் ஈ: ஒழித்த பிறகும் ஏன் திரும்பி வந்தது?

2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவிலிருந்து ஒரு செய்தி வந்தது. எல் சல்வடோருக்குப் போய் மேரிலந்து மாநிலத்துக்குத் திரும்பிய ஒருவரின் உடலில் ஓர் ஈயின் புழுக்கள் இருந்தது உறுதிசெய்யப்பட்டது. அழுகிய சதையைத் தேடிப் போகும் வழக்கமான புழு அல்ல அது. உயிருள்ள சதையைத் தின்னும் புழு.

அந்த ஈக்கு ஆங்கிலத்தில் ஸ்க்ரூவோர்ம் என்று பெயர். தமிழில் திருகுப்புழு ஈ என்று வைத்துக்கொள்வோம். மரத்துக்குள் திருகாணி இறங்குவதைப் போல, புழு தலைகீழாகச் சதைக்குள் துளைத்து இறங்கும். பெயர் வந்தது அதனால்தான்.

பாதிக்கப்பட்டவர் குணமடைந்தார். வேறு யாருக்கும் பரவவில்லை. இருந்தும் அமெரிக்கப் பண்ணையாளர்கள் பதறினார்கள். 1966ஆம் ஆண்டிலேயே ஒழித்துவிட்டோம் என்று அந்த நாடு அறிவித்த ஈ இது!

"நான் மாட்டைப் பார்க்கிறதே பொங்கலுக்கு லிட்டில் இந்தியாவுலதான். எனக்கு எதுக்கு இந்தக் கதை?" என்று நீங்கள் கேட்கலாம். இரண்டு காரணங்கள் உண்டு. இந்த ஈயின் பங்காளி ஒன்று கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம், மலேசியாவில் இருக்கிறது. இன்னொன்று, இந்த ஈயை விரட்டுவதற்காகப் பிறந்த யோசனைதான் இன்று கொசு வடிவில் நம் வீவக புளோக்குகளைச் சுற்றிப் பறக்கிறது.

எல்லா ஈயும் ஒரே மாதிரியா?

இல்லை. கால்நடைக்கும் மனிதருக்கும் தொல்லை தரும் ஈக்களை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்த்தால் சுலபமாகப் புரியும்.

முதல் வகை, நோயைச் சுமந்து வரும் ஈ. அது கடிக்கும், பறந்துவிடும். பின்னால் வரும் நோய்க்குக் காரணம், அது விட்டுச்செல்லும் கிருமி. குதிரை ஈயை எடுத்துக்கொள்ளுங்கள். மாடு, குதிரை, மான் என்று எதைக் கண்டாலும் ரத்தம் குடிக்கும் பெரிய ஈ. ரத்தத்தில் வாழும் ஓரணு ஒட்டுண்ணி ஒன்றை ஒரு விலங்கிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும். அந்த ஒட்டுண்ணி தரும் நோய் சர்ரா. 2003ஆம் ஆண்டு சிலாங்கூரின் சுங்கை டூசுன் காண்டாமிருகப் பாதுகாப்பு நிலையத்தில் ஐந்து சுமத்ரா காண்டாமிருகங்கள் சில வாரங்களுக்குள் இறந்துபோயின. அதற்குச் சர்ரா காரணமாக இருக்கலாம் என்று கால்நடை மருத்துவர்கள் கருதினார்கள்.

தோல் கழலை நோயும் அப்படித்தான். மாட்டின் உடம்பெல்லாம் கட்டி கட்டியாக வரும். கடிக்கும் ஈ, கொசு, உண்ணி ஆகியவை அந்தக் கிருமியைப் பரப்பும். மலேசியாவில் 2021ஆம் ஆண்டிலும் சிங்கப்பூரில் 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலும் அது முதன்முறையாகக் கண்டறியப்பட்டது. மனிதருக்கு அது தொற்றாது.

இரண்டாவது வகையில் ஈயின் புழுதான் நோயே. ஈ வந்து முட்டையிடும். முட்டை பொரிந்து புழு உடம்புக்குள்ளேயே வளரும். "புண்ணுல புழு வெச்சிருச்சு" என்று பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீர்கள். தோட்டப்புறத்தில் மாடு வளர்த்த குடும்பம் என்றால் கட்டாயம் கேட்டிருப்பீர்கள். மருத்துவத்தில் அதை மையாசிஸ் என்கிறார்கள்.

இந்த இரண்டாவது வகையிலும் எல்லாப் புழுவும் கெட்டதில்லை. சில பச்சை ஈக்களின் புழுக்கள் செத்த சதையை மட்டும் தின்னும், நல்ல சதையை விட்டுவிடும். கிருமி நீக்கி வளர்த்த அத்தகைய புழுக்களை நீரிழிவுக் கால் புண்ணைச் சுத்தம் செய்ய மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். மலேசியாவின் மருத்துவ ஆய்வுக் கழகம் இந்த முறையை ஆராய்ந்திருக்கிறது.

திருகுப்புழு அதற்கு நேரெதிர். அதற்குச் செத்த சதை வேண்டாம், உயிருள்ளதுதான் வேண்டும்.

ஒரு சின்னக் கீறல் போதுமா?

போதும். உண்ணி கடித்த இடம், முள் கிழித்த இடம், காதில் அடையாள அட்டை குத்திய இடம், கொம்பு வெட்டிய இடம் எதுவாக இருந்தாலும் சரி. இப்போதுதான் பிறந்த கன்றின் தொப்புள் அதற்கு ரொம்பப் பிடித்த இடம். மூக்கு, வாய், கண் ஓரம் போன்ற ஈரமான இடங்களிலும் முட்டையிடும்.

ஒரு பெண் ஈ புண்ணின் விளிம்பில் ஒரே தடவையில் 200, 300 முட்டைகள்கூட இடும். ஒரு நாளுக்குள் அவை பொரிந்துவிடும். பொரிந்த புழுக்கள் கூட்டமாகத் தலையைச் சதைக்குள் புதைத்துத் தின்னத் தொடங்கும். சுவாசிக்கும் துளைகள் வால் பக்கம் இருப்பதால் வாலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். உடம்பைச் சுற்றி முள் வளையங்கள் இருக்கும். பிடித்து இழுத்தால் இன்னும் ஆழமாகப் போகும்.

புண் பெரிதாகும், வாடை வரும். அந்த வாடைக்கு இன்னும் பல ஈக்கள் தேடி வரும். கவனிக்காமல் விட்டால் வளர்ந்த மாடுகூட ஒன்று, இரண்டு வாரத்தில் இறந்துபோகலாம்.

சுமார் ஒரு வாரம் தின்ற பிறகு புழு தானாகவே கீழே விழுந்து மண்ணுக்குள் போகும். அங்கே கூட்டுப்புழுவாகி, ஈயாக வெளியே வரும். வெப்பமான இடங்களில் முட்டையிலிருந்து அடுத்த முட்டை வரை ஏறக்குறைய மூன்றே வாரங்கள்.

அமெரிக்கக் கண்டங்களில் உள்ள வகையின் அறிவியல் பெயர் கொக்லியோமையா ஹொமினிவோராக்ஸ். அந்த இரண்டாவது சொல்லுக்கு "மனிதரைத் தின்னும்" என்று பொருள். தென்னமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவில் சிறைக்கைதிகளிடம் கண்டெடுத்த புழுக்களை வைத்து, பிரெஞ்சு மருத்துவர் சார்ல்ஸ் கொக்ரெல் 1858ஆம் ஆண்டு வைத்த பெயர் அது.

அதற்குப் பிறகும் குழப்பம் தீரவில்லை. பிணத்தைத் தின்னும் இன்னொரு ஈ பார்க்க அப்படியே இதைப் போலவே இருக்கும். இரண்டும் வேறு வேறு என்று தெளிவாகத் தெரியவந்தது 1933ஆம் ஆண்டில்தான். அதுவரை, செத்த மாடுகளை எரித்தால் ஈ குறையும் என்று நம்பினார்கள். அசல் எதிரியோ உயிரோடு இருக்கும் மாட்டின்மேல் உட்கார்ந்திருந்தது.

மருந்து அடித்தால் சாகாதா?

ஒரு மாட்டைக் காப்பாற்ற மருந்து உண்டு. புழுக்களை ஒவ்வொன்றாக எடுத்து, புண்ணைக் கழுவி, மருந்து போட்டால் பிழைத்துவிடும். ஆனால் ஒரு நாடு முழுவதும் உள்ள ஈயை அப்படி ஒழிக்க முடியாது. காட்டில் திரியும் மான், முயல், பறவைக்கெல்லாம் யார் மருந்து போடுவது?

பூச்சிமருந்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஈக்கள் நிறைய இருக்கும்போது நிறையச் சாகும். குறையக் குறைய, மிச்சம் இருப்பதைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். கடைசிச் சில நூறு ஈக்கள் தப்பினாலே போதும், மறுபடியும் பெருகிவிடும்.

அமெரிக்க வேளாண் துறையில் வேலை செய்த எட்வர்ட் நிப்ளிங் என்ற பூச்சியியலாளர் 1930களில் வேறு மாதிரி யோசித்தார். அவர் கவனித்தது ஒரு சின்ன விஷயம். இந்த ஈயின் பெண், வாழ்நாளில் பொதுவாக ஒரே ஒரு முறைதான் இணைசேரும். அந்த ஒரு முறை கிடைக்கும் ஜோடி மலடாக இருந்தால்? அது இடும் முட்டை எதுவுமே பொரியாது.

யோசனை சரி, ஈயை எப்படி மலடாக்குவது? எக்ஸ்ரே கதிர் பழ ஈக்களின் மரபணுவை மாற்றும் என்று ஹெர்மன் முல்லர் 1927ஆம் ஆண்டிலேயே காட்டியிருந்தார். அதற்காக 1946ஆம் ஆண்டு நோபெல் பரிசும் பெற்றார். நிப்ளிங்கின் சக ஆய்வாளர் ரேமண்ட் புஷ்லண்ட், ராணுவ மருத்துவமனை ஒன்றின் எக்ஸ்ரே இயந்திரத்தில் கூட்டுப்புழுக்களை வைத்துப் பார்த்தார். சரியான அளவு கதிர் பட்டால் ஈ உயிரோடு வெளியே வரும், பறக்கும், ஜோடி தேடும், ஆனால் மலடாக இருக்கும். ஈக்களைக் கோடிக்கணக்கில் வளர்க்க மாட்டையா கொடுக்க முடியும்? அரைத்த இறைச்சியும் ரத்தமும் கலந்த தீனியில் புழு வளர்க்கும் வழியைப் புஷ்லண்ட் ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தார்.

"ஈயோட குடும்ப வாழ்க்கையை ஆராயக் காசு செலவு பண்றாங்களா?" என்று அந்தக் காலத்தில் கேலி செய்யாதவர் குறைவு. 1992ஆம் ஆண்டு இருவருக்கும் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

கணக்கு எப்படி வேலை செய்கிறது?

ஓர் இடத்தில் 100 பெண் ஈக்களும் 100 ஆண் ஈக்களும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே 900 மலட்டு ஆண் ஈக்களை விடுகிறீர்கள். இப்போது மொத்தம் 1,000 ஆண்கள். அதில் பத்தில் ஒன்றுதான் நல்ல ஆண். ஆக, 100 பெண்களில் சுமார் 10 பெண்களின் முட்டைகள் மட்டுமே பொரியும்.

அடுத்த தலைமுறையில் 10 ஆண், 10 பெண் மட்டும் இருப்பதாக வைப்போம். மறுபடியும் 900 மலட்டு ஆண்களை விடுங்கள். இப்போது 91இல் ஒன்றுதான் நல்ல ஆண். பத்துப் பெண்களில் ஒன்றுக்குக்கூட நல்ல ஜோடி கிடைப்பது அரிது. கதை முடிந்தது.

இது வெறும் காகிதக் கணக்குதான். நிஜத்தில் மலட்டு ஆண் கொஞ்சம் சோம்பலாக இருக்கும், புதிய ஈக்கள் வெளியிலிருந்து வரும், பல மாதங்கள் ஆகும். ஆனால் அடிப்படை இதுதான். பூச்சிமருந்துக்கு நேர்மாறாக, எதிரி குறையக் குறைய இந்த ஆயுதத்துக்குப் பலம் கூடும். மனிதர் போக முடியாத காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கடைசிப் பெண்ணையும் ஆண் ஈ தேடிக் கண்டுபிடித்துவிடும்.

உண்மையிலேயே பலித்ததா?

முதலில் புளோரிடாவுக்குப் பக்கத்தில் உள்ள சானிபெல் தீவில் முயன்றார்கள். ஈக்கள் குறைந்தன, ஆனால் முழுசாகப் போகவில்லை. தீவு கரைக்கு மிக அருகில் இருந்ததால் புதிய ஈக்கள் வந்துகொண்டே இருந்தன. பிறகு, கரையிலிருந்து தள்ளி இருக்கும் கரீபியன் தீவான குராசோவுக்குப் போனார்கள். 1954ஆம் ஆண்டு விமானத்திலிருந்து வாராவாரம் மலட்டு ஈக்களைத் தூவினார்கள். சில மாதங்களுக்குள் தீவிலிருந்து ஈ ஒழிந்தது.

அடுத்தது புளோரிடா. ஒரு பழைய விமானக் கொட்டகையில் வாரத்துக்கு 5 கோடி ஈக்கள் வளர்க்கப்பட்டன. 1959ஆம் ஆண்டுக்குள் அமெரிக்காவின் தென்கிழக்கில் ஈ இல்லை. 1962ஆம் ஆண்டு டெக்சஸ் மாநிலத்தில் பெரிய ஆலை வந்தது. 1966ஆம் ஆண்டு நாடு முழுவதும் ஒழிந்ததாக அறிவிப்பு வந்தது.

ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கம் மெக்சிகோவில் ஈ இருந்தது. 1972ஆம் ஆண்டு மறுபடியும் அமெரிக்காவுக்குள் புகுந்து ஏறக்குறைய 95,000 கால்நடைகளைப் பாதித்தது. பக்கத்து வீட்டில் இருக்கும்வரை நம் வீட்டிலும் இருக்கும் என்று புரிந்தது. மெக்சிகோவுடன் சேர்ந்து ஈயைத் தெற்கே தள்ளிக்கொண்டே போனார்கள். மெக்சிகோ 1991ஆம் ஆண்டிலும் பனாமா 2006ஆம் ஆண்டிலும் விடுபட்டன.

நடுவில் ஒரு கண்டம் தாண்டிய கதையும் உண்டு. 1988ஆம் ஆண்டு இந்த அமெரிக்க ஈ, ஆப்பிரிக்காவில் உள்ள லிபியாவில் தென்பட்டது. இறக்குமதி செய்த கால்நடைகளோடு வந்திருக்கும் என்று கருதப்பட்டது. 1990ஆம் ஆண்டில் மட்டும் 12,000க்கும் மேற்பட்ட கால்நடைகள் பாதிக்கப்பட்டன. மெக்சிகோ ஆலையில் வளர்த்த ஈக்களை அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்டி விமானத்தில் கொண்டுவந்தார்கள். உச்சத்தில் வாரத்துக்கு 4 கோடி. அடுத்த ஆண்டு பாதிப்பு விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்தது. 1992ஆம் ஆண்டு லிபியா விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.

ஆப்பிரிக்காவில் தூக்க நோயைப் பரப்பும் செட்சி ஈக்கும் இதே வைத்தியம் பலித்தது. சான்சிபார் தீவுகளில் ஒன்றான உங்குஜாவில் 1997ஆம் ஆண்டு அது ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

அப்போ ஏன் திரும்பி வந்தது?

தென்னமெரிக்காவில் திருகுப்புழு ஈ ஒருபோதும் ஒழியவில்லை. அங்கிருந்து வடக்கே வராமல் தடுக்க ஒரு வேலி போட்டார்கள். கம்பி வேலி இல்லை, ஈ வேலி. பனாமாவும் கொலம்பியாவும் சேரும் டேரியன் வட்டாரத்தில் நிலம் குறுகலாக இருக்கும். அங்கே வாரந்தோறும் விமானத்திலிருந்து மலட்டு ஈக்களைத் தூவிக்கொண்டே இருந்தார்கள். தெற்கிலிருந்து வரும் பெண் ஈ, முதலில் சந்திப்பது மலட்டு ஆணாகத்தான் இருக்கும்.

நிலம் குறுகல் என்பதால் செலவும் குறைவு. வாரத்துக்கு 50 கோடி ஈக்கள் வரை வளர்க்கக்கூடிய மெக்சிகோ ஆலை 2010களில் மூடப்பட்டது. வாரத்துக்குச் சுமார் 10 கோடி ஈக்களைத் தரும் பனாமா ஆலை மட்டும் மிஞ்சியது. வேலியைக் காக்க அது போதுமாக இருந்தது. வேலி உடைந்தால் துரத்திப் பிடிக்கப் போதாது.

2023ஆம் ஆண்டு வேலி உடைந்தது. பனாமாவில் அதுவரை ஆண்டுக்குச் சராசரியாக 25 சம்பவங்கள் பதிவாகும். அந்த ஒரே ஆண்டில் 6,500ஐத் தாண்டியது. பிறகு கோஸ்ட்டா ரிக்கா, நிகராகுவா, ஹொண்டுராஸ் என்று வடக்கே ஏறியது. 2024ஆம் ஆண்டு நவம்பரில் மெக்சிகோவை எட்டியது. 2025ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்க எல்லையிலிருந்து ஏறக்குறைய 110 கிலோமீட்டர் தூரத்தில், மெக்சிகோவின் நுவேவோ லியோன் மாநிலத்தில் ஒரு மாட்டிடம் தென்பட்டது. மத்திய அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான மனிதர்களும் பாதிக்கப்பட்டார்கள்.

ஈ தானாகப் பறந்தே அவ்வளவு தூரம் போயிருக்குமா? அதற்கு அந்த அவசியம் இல்லை. புண்ணில் புழுவோடு இருக்கும் ஒரு மாட்டை லாரியில் ஏற்றினால், ஒரே இரவில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போய்விடும். எல்லைகளைத் தாண்டிக் கால்நடைகளைக் கடத்துவது பெரிய காரணமாகப் பேசப்படுகிறது. 1933ஆம் ஆண்டு இந்த ஈ அமெரிக்காவின் தென்கிழக்குக்குப் போனதும் மாடுகளை ஏற்றி அனுப்பியதால்தான்.

விளைவு உடனே தெரிந்தது. ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் அதிகமான மாடுகளை மெக்சிகோவிலிருந்து வாங்கும் அமெரிக்கா, அந்த இறக்குமதியை நிறுத்தியது. அமெரிக்காவின் மாட்டு எண்ணிக்கை 70 ஆண்டுகளில் இல்லாத அளவு குறைந்திருந்த நேரம் அது. 2025ஆம் ஆண்டு ஆகஸ்ட்டில், வாரத்துக்கு 30 கோடி மலட்டு ஈக்களை வளர்க்கும் ஆலையை டெக்சஸில் கட்டப்போவதாக அந்நாடு அறிவித்தது. மதிப்பு 750 மில்லியன் டாலர். இடம்? 1962ஆம் ஆண்டு கட்டிய ஆலை இருந்த அதே பழைய விமானத் தளம்.

நம் வட்டாரத்தில் இருக்கும் பங்காளி யார்?

ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் உள்ள திருகுப்புழு ஈயின் பெயர் கிரைசோமையா பெஸ்ஸியானா. இந்தியா, இலங்கை, மலேசியா, இந்தோனேசியா, பாப்புவா நியூ கினி எங்கும் உண்டு. பார்க்க நீலம் கலந்த பச்சையில் பளபளக்கும், கண் சிவப்பாக இருக்கும். அமெரிக்க ஈக்கு இது வேறு இனம்தான். ஆனால் இரண்டும் செய்யும் வேலை ஒன்றே.

மலேசியாவின் ஸூ நெகாரா விலங்குத் தோட்டத்தில் இந்த ஈயின் பாதிப்பு பற்றிய ஆய்வு 1980ஆம் ஆண்டிலேயே வெளிவந்திருக்கிறது. ஹாங்காங்கில் வீட்டு நாய்களிடமும், நோயில் படுத்திருக்கும் முதியவர்களிடமும் கண்டறியப்பட்டிருக்கிறது.

இதைக் கண்டு ஆகப் பெரிய கவலைப்படும் நாடு ஆஸ்திரேலியா. அங்கே இந்த ஈ இல்லை, வந்தால் ஆடு மாடு தொழில் ஆட்டம் காணும். அதனால் 1990களின் இரண்டாம் பாதியில் ஆஸ்திரேலியாவும் மலேசியாவும் சேர்ந்து ஒரு முயற்சி செய்தன. ஜொகூரின் குளுவாங்கில் உள்ள கால்நடை நிலையத்தில் இந்த ஆசிய ஈயை வளர்த்து, மலடாக்கி, வெளியில் விட்டுப் பார்த்தார்கள். நம் ஊரிலிருந்து இரண்டு மணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கும் குளுவாங்!

வோல்பாக்கியா கொசுவும் இதே உத்திதானா?

யோசனை ஒன்று, கருவி வேறு. யீஷூன், தெம்பனிஸ் போன்ற இடங்களில் தேசியச் சுற்றுப்புற அமைப்பு விடுவது ஆண் ஏடிஸ் கொசுக்கள். அவற்றின் உடம்பில் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா இருக்கும். அது இல்லாத பெண் கொசுவோடு அவை சேர்ந்தால் முட்டை பொரியாது. ஆண் கொசு கடிக்காது என்பதால் நமக்கு ஆபத்தும் இல்லை. பிரித்தெடுக்கும்போது தவறிக் கலந்துவிடும் பெண் கொசுக்களை மலடாக்க எக்ஸ்ரே கதிரும் பயன்படுகிறது. நிப்ளிங் காலத்து வித்தை இன்னும் கைகொடுக்கிறது. தொடர்ந்து கொசு விடும் இடங்களில் டெங்கி வரும் வாய்ப்பு 70 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருப்பதாக அமைப்பு சொல்கிறது.

மலேசியாவில் அதே பாக்டீரியாவை வேறு விதமாகப் பயன்படுத்துகிறார்கள். 2017ஆம் ஆண்டு சிலாங்கூரின் ஷா ஆலமில் தொடங்கிய சோதனையில் ஆண், பெண் இரண்டையும் விட்டார்கள். கொசுவை ஒழிப்பது அங்கே நோக்கம் அல்ல. டெங்கியை எளிதில் பரப்பாத கொசுக்களை நிறைப்பதுதான் நோக்கம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

திருகுப்புழுவுக்குப் பயந்து தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். சிங்கப்பூரில் சராசரி மனிதருக்கு அது வரும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் சில பழக்கங்கள் எந்த ஈக்கும் பொருந்தும்.

வீட்டில் நாய், பூனை இருந்தால் காது, கால்விரல் இடுக்கு, வால் அடி ஆகிய இடங்களை அடிக்கடி பாருங்கள். ஓயாமல் ஒரே இடத்தை நக்கினால், வாடை வந்தால், உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கருத்தடை செய்த தையல் ஆறும்வரை வெளியே விடாதீர்கள்.

தமிழ்நாட்டில் மாட்டுப் புண்ணில் புழு வைத்தால் கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் கலந்து போடுவது பழைய வழக்கம். அதை நினைத்துக்கொண்டு பூனை, நாய் மேல் கற்பூரம் தடவாதீர்கள். அவற்றுக்கு அது விஷம்.

பண்ணைக்கோ காட்டுப் பயணத்துக்கோ போகிறீர்களா? காயம் இருந்தால் மூடிக்கொள்ளுங்கள், பூச்சி விரட்டி தடவுங்கள், திறந்தவெளியில் காயத்தோடு தூங்காதீர்கள். தென்னமெரிக்கா, மத்திய அமெரிக்கா பக்கம் போனால் இன்னும் கவனம் தேவை. திரும்பிய பிறகு புண் ஆறாமல் வலித்தால், உள்ளே ஏதோ ஊர்வதுபோல் இருந்தால், எங்கே போய் வந்தீர்கள் என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

புழு தெரிந்தால் நீங்களே பிடுங்க வேண்டாம். பாதி அறுந்து உள்ளே தங்கிவிடலாம். கீழே விழுந்த புழுவை மண்ணிலும் குப்பைத் தொட்டியிலும் போடாதீர்கள். அது ஈயாகி வெளியே வரும். மூடியுள்ள புட்டியில் போட்டு மருத்துவரிடம் கொடுங்கள். எந்த ஈ என்று தெரிந்துகொள்ள அது உதவும்.

முக்கியமாக, வீட்டில் தாத்தா, பாட்டிக்கு நீரிழிவு நோய் இருக்கிறதா? கால் மரத்துப்போனவருக்குப் புண் வந்ததே தெரியாது, ஈ உட்கார்ந்ததும் தெரியாது. தினமும் ஒரு முறை பாதத்தைப் பார்த்துவிடுங்கள், விரல் இடுக்கு உட்பட. படுத்த படுக்கையாக இருப்பவர் என்றால் வாயையும் சுத்தமாக வைத்திருங்கள்.

"புழுத்துப் போவே" என்பது தமிழில் ஒரு சாபம். அதனாலேயே, புண்ணில் புழு என்றால் வெளியே சொல்லக் கூச்சப்பட்டுக் குடும்பங்கள் மறைப்பதுண்டு. அது பாவமும் இல்லை, சாபமும் இல்லை. ஓர் ஈ, ஒரு திறந்த காயத்தைப் பார்த்துவிட்டது, அவ்வளவுதான். ஆரம்பத்திலேயே மருத்துவரிடம் போனால் பெரும்பாலும் முழுசாகக் குணமாகும். மறைத்து வைக்கும் நாள்களில்தான் புழு ஆழமாகப் போகிறது.

ஒரு கேள்வி மட்டும் பாக்கி

"டெங்கி குறைஞ்சிருச்சே, இன்னும் எதுக்குக் கொசு விடறாங்க?" என்று உங்கள் புளோக்கில் யாராவது கேட்டால், பனாமா கதையைச் சொல்லுங்கள். பல ஆண்டுகள் அங்கே பாதிப்பு ஏறக்குறைய இல்லவே இல்லை. அப்படியிருந்தும் வாரம் தவறாமல் விமானம் பறந்தது. பறந்ததால்தான் பாதிப்பு இல்லாமல் இருந்தது. கைவசம் இருந்த ஆலைகள் ஒன்றாகச் சுருங்கிய பிறகு வேலி உடைந்தது, இப்போது 750 மில்லியன் டாலர் செலவில் பழைய இடத்திலேயே மறுபடியும் ஆலை கட்ட வேண்டியிருக்கிறது.